எழுத்து கெடாமல் புற்றுநோய் வருமா?

கணக்குவாத்தி | 12 ஜனவரி 2024, மாலை 6:40

யூடியூபைத் திறந்தால் எபிஜெனெடிக்ஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து மாறாமலே மரபணுவின் வேலை மாறுமாம். 'உங்கள் மரபணுவை உணவால் மாற்றுங்கள்' என்று ஒருவர் அரைமணி நேரம் பேசுகிறார், கீழே சத்து மாவு விற்கும் லிங்க். எனக்குத் தெரிந்து புற்றுநோய் என்றால் டிஎன்ஏ எழுத்து கெட்டுப்போவது. எழுத்து சரியாக இருந்தால் செல்லும் சரியாக இருக்கும். ஒரு மரபணு அப்பா வழியில் வந்தாலும் அம்மா வழியில் வந்தாலும் வேலை ஒன்றுதான். மெண்டலின் பட்டாணியில் அப்படித்தான். இல்லை என்பவர்கள் ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள். மாவு விற்காமல்.

ஸ்லைடுக்காரி | 12 ஜனவரி 2024, இரவு 10:15

காட்டுகிறேன். 1999-இல் என் வயிற்றிலேயே இருந்தது.

முத்துப்பிள்ளை என்பார்கள். ஆஸ்பத்திரியில் மோலார் பிரெக்னன்சி. குழந்தை உருவாகாது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, மட்டும் கொப்புளம் கொப்புளமாக வளரும், தண்ணீர் கோத்த திராட்சைக் கொத்து மாதிரி. இதில் 'முழு மோல்' என்று ஒரு வகை. குரோமோசோம் 46, எண்ணிக்கை சரி. எழுத்தும் சரி. ஆனால் 46-ம் அப்பாவுடையது. அம்மா பங்கு பூஜ்யம். இந்தத் திசு கருப்பைச் சுவரைக் குடைந்துகொண்டு போகும். சுத்தம் செய்து எடுத்த பிறகும் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு விடாமல் வளரும். சிலருக்குக் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாகி நுரையீரல் வரை போகும்.

நாளைக்குக் காலை ட்யூட்டி. மீதி அப்புறம்.

13 ஜனவரி 2024, மதியம் 2:05

அப்போது எனக்கு 23 வயது. கல்யாணமாகி ஏழு மாதம். பத்து வாரத்தில் வயிறு பதினாறு வாரத்துக்கு இருந்தது. வாந்தி என்றால் சாதாரண மசக்கை வாந்தி இல்லை, குடித்த தண்ணீர் அப்படியே திரும்பும். அத்தைக்கு ஒரே சந்தோஷம். ரெட்டைப் பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் டி.எம்.எல்.டி. முடித்து லேபில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, என்னிடமே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "ஆகஸ்டுல கிரகணம் புடிச்சப்ப வெளிய போனியாட்டி?"

போயிருந்தேன். கொடியில் கிடந்த துணியை எடுக்க. அந்தக் கிரகணத்தை நான் ஏழெட்டு வருடம் சுமந்தேன்.

பிறகு எங்கள் பெத்தாலஜி மேடத்தின் புத்தகத்தில்தான் படித்தேன்: முழு மோலில் உள்ளது ஆணின் குரோமோசோம்கள் மட்டுமே என்று 1977-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "அது முழுக்க உங்க பிள்ளை. எனக்கு அதுல ஒரு எழுத்துகூட இல்ல." அவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாகிட்ட நீயே சொல்லிரு" என்றார். நான் சொல்லவில்லை.

13 ஜனவரி 2024, இரவு 9:30

இரண்டு திருத்தம்.

ஒன்று, 'ஒரு எழுத்துகூட இல்லை' தப்பு. மைட்டோகாண்ட்ரியா அம்மாவுடையதுதானே என்று கீழே ஒரு தம்பி மடக்கியிருக்கிறார். சரிதான். முட்டையின் உட்கருதான் காணாமல் போகிறது, முட்டை அங்கேயே இருக்கிறது, அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் குட்டி டிஎன்ஏ அம்மாவுடையது. ஆக எனக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

இரண்டு, 'முழுக்க உங்க பிள்ளை' என்று சொன்னதை இப்போது படித்தால் அவர்மேல் பழி போட்ட மாதிரி இருக்கிறது. அவர் பக்கம் நடந்ததெல்லாம் சாதாரணமாக நடக்க வேண்டியதுதான். உட்கரு இல்லாத முட்டைக்குள் ஒரு விந்தணு போகிறது, அதன் 23 தன்னைத்தானே இரட்டித்து 46 ஆகிறது. பெரும்பாலும் இப்படி. சிலசமயம் இரண்டு விந்தணு உள்ளே போகும். வழக்குப் போட ஆளே இல்லை.

16 ஜனவரி 2024, மாட்டுப் பொங்கல், லேப் லீவு

கணக்குவாத்தி சாரின் அடுத்த கேள்வி: 'அப்பாவுடையது மட்டும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? டிஎன்ஏவை வாசித்தீர்களா?'

இல்லை சார். குக்கர்.

நிஜமாகத்தான். எங்களுடையது சின்ன லேப். சுத்தம் செய்த திசு பார்மலினில் வரும். மெழுகுக் கட்டியில் பதித்து, மைக்ரோடோமில் நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். மிதக்கும்போது பார்த்தால் பாலாடை மாதிரி இருக்கும், மூச்சுவிட்டால் மடங்கிவிடும். சாதாரண ஸ்டெயினில் எல்லாம் ரோஸும் ஊதாவும். மோலா, சாதாரணக் கருச்சிதைவில் நீர் கோத்ததா என்று அதை வைத்து அடித்துச் சொல்வது கஷ்டம், முக்கியமாக எட்டு ஒன்பது வாரத்திலேயே எடுத்துவிட்ட கேஸ்களில். அதற்குத்தான் இம்யூனோ. பார்மலினில் இறுகிப்போன புரதத்தைத் திறக்க ஸ்லைடை பஃபரில் போட்டு பிரஷர் குக்கரில் வேகவைப்போம். பிறகு பி57 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி. புரதம் இருக்கும் உட்கரு பழுப்பாகும், இல்லாதது நீலமாகவே நிற்கும்.

ஏன் பி57? அந்த மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வேலை செய்வது அம்மா தந்தது மட்டும். அப்பா பிரதி வாய் மூடியே இருக்கும். முழு மோலில் அப்பா பிரதி இரண்டு இருக்கிறது, இரண்டும் பேசாது. அதனால் நஞ்சில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் திசு எல்லாம் நீலம். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்த கருப்பை உட்சவ்வு தாயின் சொந்தத் திசு, அது பழுப்பு. ஒரே ஸ்லைடில் இரண்டும் இருக்கும்.

பட்டாணியில் இது இல்லைதான். சோதிக்க ஆன்டிபாடியும் ஒரு ஹாக்கின்ஸும் போதும்.

அந்தப் புரதத்தின் வேலை செல் பெருகுவதற்குப் பிரேக் போடுவது. இதே 11-ஆம் குரோமோசோமில், அதே தெருவில், ஐஜிஎஃப்2 என்று இன்னொரு மரபணு. அது வளர்ச்சியைத் தூண்டுவது. அதில் தலைகீழ்: அப்பா பிரதி பேசும், அம்மா பிரதி பேசாது. மோலில் ஆக்சிலேட்டர் இரண்டு, பிரேக் ஒன்றுகூட இல்லை.

17 ஜனவரி 2024

எத்தனை விசில் என்று கேட்டு மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். விசில் கணக்கு இல்லை, பிரஷர் ஏறினபிறகு இரண்டு மூன்று நிமிடம். பூச்சு இல்லாத சாதா ஸ்லைடில் போட்டால் திசு உரிந்து பஃபரில் மிதக்கும். ஆரம்பத்தில் அப்படி ஒரு நோயாளியின் கடைசித் துண்டை நான் இழந்திருக்கிறேன். மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

28 ஜனவரி 2024

எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒன்று பேசும் மற்றது பேசாது என்றால் செல்லுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். டிஎன்ஏ மேல் மெத்தில் என்று ஒரு சின்ன ஒட்டு, ஒரு கார்பன் மூன்று ஹைட்ரஜன். எழுத்தை மாற்றாது, மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். செல் இரண்டாகும்போது ஒட்டும் பிரதி எடுக்கப்படும்.

வீட்டில் பையனுக்குச் சொன்ன விளக்கம் இது. நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறோம். பெயர் 'குமார்'தான், ஆனால் எஸ். குமார் வேறு, கே. குமார் வேறு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தாலும் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அப்பா தந்ததா அம்மா தந்ததா என்று மரபணுவில் முத்திரை குத்துவதற்குப் பெயர் இம்ப்ரின்டிங், அதுவும் அப்படித்தான். என் அப்பா தந்த ஐஜிஎஃப்2 பிரதியில் 'ஆண் தந்தது' என்ற முத்திரை இருக்கும். அதுவே என் முட்டைக்குள் போகும்போது பழைய முத்திரை அழிந்து 'பெண் தந்தது' என்று புதிதாகக் குத்தப்படும். மனிதருக்கு இப்படி முத்திரை உள்ள மரபணுக்கள் சுமார் நூறு. மற்ற இருபதாயிரத்துக்கு மெண்டல் சொன்னதே சட்டம், கணக்குவாத்தி சார் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதை எலியில் நிரூபித்தது 1984-இல். கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி, பிலடெல்பியாவில் டேவர் சோல்டரும் ஜேம்ஸ் மெக்ராத்தும், தனித்தனியாக. கருவுற்ற முட்டையில் ஆண் உட்கரு, பெண் உட்கரு இரண்டும் சேர்வதற்கு முன்னால் ஒன்றை உறிஞ்சி எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார்கள். இரண்டும் பெண்ணுடையது என்றால் கரு ஓரளவு உருவாகும், நஞ்சு நோஞ்சான். இரண்டும் ஆணுடையது என்றால் நஞ்சுத் திசு கொழுகொழு, கரு ஒன்றுமில்லை. எதுவும் பிழைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் இரண்டையும் நான் மேஜையில் பார்த்திருக்கிறேன். ஆண்-ஆண், என் முத்துப்பிள்ளை. பெண்-பெண், சினைப்பையில் வரும் டெர்மாய்டு கட்டி. கருவுறாத முட்டை தானாகவே வளரத் தொடங்கி உண்டாவது. வெட்டினால் உள்ளே வெண்ணெய் மாதிரிக் கொழுப்பு, சுருட்டின முடி, சிலதில் பல். ஒருமுறை கத்தி எதிலோ இடித்தது, கழுவிப் பார்த்தால் முழுக் கடைவாய்ப் பல், வேர் உட்பட. நஞ்சு மட்டும் துளிகூட இருக்காது. முத்துப்பிள்ளையில் நஞ்சு மட்டும்தான், முடியும் பல்லும் கிடையாது.

30 ஜனவரி 2024

இனிஷியல் உவமைக்கு எதிர்ப்பு: 'கல்யாணமானால் பெண்ணுக்கு மட்டும் மாறுதே அக்கா, மரபணுவும் அப்படியா?' இல்லைம்மா. மரபணு நம் ஊரைவிட நியாயமானது, ஆண் பெண் இரண்டு பக்கமும் அழித்து எழுதும். இப்போது பலர் அம்மா இனிஷியலையும் சேர்த்துப் போடுகிறார்கள், அவர்களுக்கு உவமை இன்னும் பொருந்தும்.

உவமை உடையும் இடம் வேறு. முத்திரை இரும்பு இல்லை. முழு மோலிலேயே நஞ்சு விரலுக்கு வெளியே திரியும் செல்களில் பி57 பழுப்பாக வருவதுண்டு. அப்பா பிரதிதான் அங்கேயும், ஆனால் பேசிவிடுகிறது. புதிதாக வரும் டெக்னீசியன் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு 'பாசிட்டிவ்' என்று ஓடிவருவார்கள். விரலுக்குள்ளே இருக்கும் செல்லைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன்.

11 பிப்ரவரி 2024

கணக்குவாத்தி: 'முத்துப்பிள்ளை ஒரு விபத்து. அன்றாடம் பார்க்கும் புற்றுநோயில் காட்டுங்கள்.'

பெருங்குடல். செல் பிரியும்போது டிஎன்ஏ எழுத்துப் பிழையைத் திருத்தும் ஆட்களில் ஒருவர் எம்எல்ஹெச்1. வலது பக்கப் பெருங்குடல் கட்டி ஸ்லைடில் அந்தப் புரதம் இல்லாமல் நீலமாக வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். மரபணுவின் எழுத்தே பரம்பரையாகக் கெட்டிருக்கலாம், லிஞ்ச் சிண்ட்ரோம். அல்லது எழுத்து சுத்தமாக இருந்து, மரபணுவின் வாசலில் மெத்தில் அப்பிக்கொண்டு வாயடைத்திருக்கலாம். வயதானவர்களிடம் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே நீலம். ஆனால் முதலாவது என்றால் பிள்ளைகள், தம்பி தங்கைகள் எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே கொலனோஸ்கோப்பி. இரண்டாவது என்றால் அநேகமாக அந்த ஒருவரோடு முடிந்தது. அதனால் எது என்று பிரிக்க, பிஆர்ஏஎஃப் என்ற இன்னொரு மரபணுவின் சோதனையோ மெத்தில் சோதனையோ கேட்பார்கள். ஒரு பெரியவரின் மகள் ரிப்போர்ட் வாங்க வந்து 'எங்களுக்கும் வருமா?' என்று கவுன்டரில் நின்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது சோதனை மெத்தில் என்று வந்தபோது டாக்டர் சொல்வதற்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

12 பிப்ரவரி 2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மெத்தில் வாசலை அடைப்பதால் திருத்தும் ஆள் போகிறார், அதனால் ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழை சேர்கிறது. ஆக கணக்குவாத்தி சொன்ன எழுத்துக் கேடும் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டில் எது காரணம் என்று பிரித்து நிறுத்த நினைத்தேன், பிரியவில்லை. கோரியோகார்சினோமாவிலும் போகப் போக எழுத்து கெடும். நான் முதல் நாள் பேசியது கொஞ்சம் வீறாப்பு.

குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி வில்ம்ஸ் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், ஐஜிஎஃப்2-வின் அம்மா பிரதி பேசக் கூடாது, சில வில்ம்ஸ் கட்டிகளில் அதுவும் பேச ஆரம்பித்துவிடுகிறது, 1993-இலேயே கண்டார்கள். பெக்வித்-வீடமன் என்ற நிலையில் பிறக்கும் குழந்தைகளுக்கு நாக்கு பெரிது, காது மடலில் கோடு, சிலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பருமன். அவர்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல், அதனால்தான் ஏழு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருதடவை வயிற்று ஸ்கேன். காதில் கோடு இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது இல்லை, தயவுசெய்து பேரன் காதைப் புரட்ட வேண்டாம்.

9 மார்ச் 2024

சரி, மாவுக்கு வருவோம். ஃபோலிக் ஆசிட் மெத்தில் தரும், மெத்தில் கெட்ட மரபணுவை அடைக்கும், ஆகவே தினம் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்பது விற்பவர்களின் கணக்கு. கர்ப்பத்தில் ஃபோலிக் ஆசிட் அவசியம், அதில் பேச்சில்லை. குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்காக. ஆனால் புற்றுநோய் என்று வரும்போது இந்தச் சத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, இன்னும் வேகமெடுத்த மாதிரி அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக்கைத் தடுத்தால்? தடுக்கும் மருந்தைத் தயாரித்துக் கொடுத்தவர் லெடர்லே கம்பெனியின் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமினோப்டெரின் என்ற அந்த மருந்தில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் அடங்கியது. கட்டுரை வந்தது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து இதைக் கோரியோகார்சினோமாவுக்குக் கொடுத்தார். கட்டி மறைந்தது. ஆனால் சிறுநீரில் ஹெச்சிஜி, அதாவது இந்தத் திசு சுரக்கும் கர்ப்ப ஹார்மோன், கொஞ்சம் மிச்சமிருந்தது. அது பூஜ்யமாகும்வரை லீ ஊசியை நிறுத்தவில்லை. கண்ணுக்குக் கட்டியே இல்லாதபோது விஷம் கொடுக்கிறார் என்று அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவர் நிறுத்தாமல் கொடுத்த பெண்களுக்கு நோய் திரும்ப வரவில்லை. 1972-இல் இருவருக்கும் லாஸ்கர் என்ற பெரிய மருத்துவ விருது.

இதை நான் வரலாறாகப் படிக்கவில்லை. 1999 டிசம்பரில் என் ஹெச்சிஜி மூன்று வாரம் இறங்காமல் ஏறியது. ரத்தம் மதுரைக்கு பஸ்ஸில் போகும், ரிசல்ட் போனில் வரும். எதிர்வீட்டுக் கடையில் போன். எண்ணை அவர்கள் காகிதத்தில் எழுதித் தருவார்கள், கடைக்காரருக்கும் என் ஹெச்சிஜி மனப்பாடம். அப்புறம் மெத்தோட்ரெக்சேட். 1, 3, 5, 7-ஆம் நாள் அது, மஞ்சள் நிற மருந்து. 2, 4, 6, 8-ஆம் நாள் லூகோவோரின், அதாவது ஃபோலிக்கின் இன்னொரு வடிவம். முதல் நாள் ஃபோலிக்கைப் பட்டினி போடுவது, மறுநாள் சோறு போடுவது. வாயெல்லாம் புண், மோர்கூட எரியும். நாலு சுற்று. ஹெச்சிஜி பூஜ்யமான பிறகும் மேலும் ஊசி போட்டார்கள். 'அதான் இல்லையே, எதுக்கு?' என்று அழுதேன். லீயைத் தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். அல்லது அழுதிருப்பேன்.

ஒரு வருடம் கர்ப்பம் கூடாது என்றார்கள், ஏனென்றால் கர்ப்பமானாலும் ஹெச்சிஜி ஏறும், நோயா பிள்ளையா என்று தெரியாது. அத்தைக்கு இதை விளக்க முடியவில்லை. பையன் 2002-இல் பிறந்தான்.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. மெத்தோட்ரெக்சேட் மெத்தில் ஒட்டைக் கழற்றிக் குணப்படுத்தியதுபோலத் தொனிக்கிறது. இல்லை. புது டிஎன்ஏ கட்ட வேண்டிய செங்கல்லை நிறுத்துகிறது, வேகமாகப் பெருகும் செல் சாகிறது. இனிஷியலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

2 மே 2024

மெத்தில் ஒட்டையே கழற்றும் மருந்து உண்டா என்றால், உண்டு. அசாசிட்டிடின். 1964-இல் பிராகில் தயாரித்தார்கள், புற்றுநோய் செல்லைக் கொல்லும் விஷமாக. 1977-இல் பீட்டர் ஜோன்ஸ் குழு எலிச் செல்களில் இதைப் போட்டபோது சில செல்கள் தசையாக மாறித் தட்டில் துடித்தன. எழுத்து மாறாமல் செல்லின் தொழிலே மாறிவிட்டது. மெத்தில் போனதுதான் காரணம் என்று 1980-இல் தெரிந்தது. மருந்தாக அனுமதி 2004-இல், எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு.

என் பெரிய மாமனாருக்கு இப்போது அதுதான். மாதம் ஏழு நாள், வயிற்றுத் தோலில் ஊசி, சிவந்து தடித்துப்போகும். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிடலாம் என்றார். இது செல்லை உடனே கொல்வதைவிட, செல் பிரியப் பிரிய ஒட்டைக் கரைப்பது, நாலு முதல் ஆறு சுற்றாவது பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மறுபடி அவருக்குச் சொன்னேன். "கறை போற சோப்பு மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட. ஆனால் எந்தக் கறை என்று பார்த்துக் கழுவாது, துணிச் சாயமும் கொஞ்சம் போகும். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு ரத்தம் ஏற்றும் இடைவெளி கூடியிருக்கிறது.

கணக்குவாத்திக்கு ஒரு பரிசு: போன மாதம் பிரான்ஸின் மான்ட்பெல்லியேவிலிருந்து ஒரு ஈ ஆராய்ச்சி வந்திருக்கிறது. பழ ஈயில் பாலிகோம்ப் என்ற வாயடைக்கும் புரதத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்தி, பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டி வந்தது, புரதம் திரும்பின பிறகும் போகவில்லை. எழுத்தில் கைவைக்கவே இல்லை. ஈதான், மனுஷன் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஒரே ஒரு உதாரணம்.

16 ஜூன் 2024

ஜனவரி 16-இல் எழுதியதைத் திருத்த வேண்டும். இழையைப் படித்த ஒரு பெண் தனியாக எழுதினார். திரும்பத் திரும்ப முத்துப்பிள்ளை. மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டேன்.

ஒருதடவை வந்தவளுக்கு மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டுதான். எனக்கே அடுத்தது நல்லபடியாகப் பிறந்தது. திரும்பத் திரும்ப வருவது வேறு கதை. அதில் பலருக்கு என்எல்ஆர்பி7 என்ற மரபணு இரண்டு பிரதியும் கெட்டிருக்கும், 2006-இல் மான்ட்ரியல் குழு கண்டுபிடித்தது. இந்த மோலில் குரோமோசோம் பாதி அப்பா, பாதி அம்மா, எல்லோருக்கும் இருப்பதுபோலவே. ஆனால் முட்டை முதிரும்போது 'பெண் தந்தது' என்ற முத்திரை குத்தப்படவே இல்லை. அம்மா பங்கு இருந்தும் இனிஷியல் இல்லை. திசு அதே திராட்சைக் கொத்து. பி57 போட்டால் அதே நீலம்.

ஆகவே 'நீலம் என்றால் அம்மா பங்கு இல்லை' என்று நான் சொன்னது தப்பு. நீலம் என்றால் அம்மா முத்திரை இல்லை, அவ்வளவுதான். இத்தனை வருடம் ஸ்டெயின் போட்டும் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். முதல் நாளே காட்ட வேண்டிய உதாரணம் இதுதான் சார். கருவில் இரண்டு பேர் எழுத்தும் முழுசாக இருக்க, முத்திரை ஒன்று இல்லாததால் நடப்பது.

அந்தப் பெண்ணுக்கு எழுதியது: மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இது உறுதியானால் சொந்த முட்டையில் அநேகமாக இதுவே திரும்பும். தானமாகப் பெற்ற முட்டையில் நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. கிரகணம் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகவே எழுதினேன்.

17 ஜூன் 2024

'அந்தத் தாயின் என்எல்ஆர்பி7-இல் இருப்பது எழுத்துக் கேடுதானே!' கணக்குவாத்தி, காலை 5:50-க்கு. ஆமாம் சார். கேடு அம்மாவின் எழுத்தில், நோய் பிள்ளையின் முத்திரையில். பாதி மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

21 ஜூலை 2024

அலமாரியைச் சுத்தம் செய்தபோது 1999 ஃபைல் கிடைத்தது. ஸ்கேன் படம் வெளுத்துவிட்டது. உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு ஸ்லைடு, என்னுடையது. மெழுகுக் கட்டியை அந்த லேப் எப்போதோ எறிந்திருப்பார்கள், ஆக இது ஒன்றுதான் மிச்சம். பழைய ஸ்லைடின் சாயத்தைக் கழுவிவிட்டு இம்யூனோ போட முடியும். ஆனால் அந்தக் காலத்து ஸ்லைடு, ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருதான் தடவுவோம். குக்கரில் நிற்காது.

இருபது நாள் மேஜையில் வைத்திருந்தேன். மேடம், "உன் இஷ்டம், ஆனா குக்கர்ல போடாத" என்றார். நேற்று மதியம் ஆள் குறைந்ததும் போட்டேன். குக்கர் இல்லை, வாட்டர் பாத்தில் குறைந்த சூட்டில், ராத்திரி முழுக்க. காலையில் பார்த்தால் பாதி உரிந்து பஃபரில் கிடந்தது. மீதியில் உட்சவ்வு கொஞ்சம், பழுப்பு. நாலு விரல், மடிப்பு விழுந்து, நீலம்.

வீட்டுக்காரரைப் போனில் வரச்சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் ஒரு கண்ணால் பார்த்தார்.

"இதுல நீ எது?"

"பழுப்பு."

"நான்?"

"மிச்சம்."

"ரொம்ப இருக்கேனே" என்றார். உரிந்த பாதியை இன்னொரு ஸ்லைடில் ஏந்தப் பார்த்தேன், சுருண்டுவிட்டது. பஃபரைக் கொட்ட மனசு வரவில்லை, பீக்கர் இன்னும் சிங்க் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்குக் காலை ட்யூட்டிக்கு வரும் பிள்ளை கழுவிவிடுவாள்.